அவளும் கைதட்டினாள்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, பாபநாசம் பக்கத்தில் விவசாயம் செய்கிறேன். வயது 44. சொந்த நிலம் 4 மா, குத்தகை 6 மா (மூன்று மா ஒரு ஏக்கர்). நான்கு தலைமுறையாக நாங்கள் பழைய மிஷன் கோயிலைச் சேர்ந்தவர்கள். அங்கே வருஷச் சந்தாவும் அறுப்புப் பண்டிகைக் காணிக்கையும் கொடுத்தால் போதும். மூன்று வருஷமாக மச்சான் கூப்பிட்டதால் டவுனில் உள்ள ஜெபவீட்டுக்குப் போகிறோம். பத்தில் ஒரு பங்கு தராதவன் தேவனையே வஞ்சிக்கிறான் என்று பாஸ்டர் பைபிளில் மல்கியா புத்தகத்தை எடுத்துச் சொல்கிறார். இந்தச் சம்பாவுக்குக் கொள்முதல் நிலையத்தில் 160 மூட்டை போட்டு 1,60,000 ரூபாய் வந்தது. உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின், குத்தகை எல்லாம் போக நின்றது 50,000. மொத்தத்தில் பத்தில் ஒன்று என்றால் 16,000, மிச்சத்தில் என்றால் 5,000. குறைவாகக் கொடுக்க மனசு வராமல் 16,000 ஆகவே கொடுத்துவிட்டேன். நெல் பணம் நகைக்கடனுக்குப் போய்விட்டதால் என்னிடம் 4,000தான் இருந்தது. மாடு வாங்குவதற்காக என் மனைவி மகளிர் குழுவில் எடுத்த 40,000 கடன் அவள் கணக்கில் இருந்தது. அவளுடைய ஏடிஎம் கார்டு என்னிடம்தான் இருக்கும். அதிலிருந்து 12,000 எடுத்தேன். குறுவை அறுத்ததும் வைத்துவிடுவேன். அடுத்த ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி சாட்சியாகக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள், என் மனைவியும்தான். பணம் எடுத்தது அவளுக்கு இன்னும் தெரியாது. என் கேள்வி இதுதான்: தசமபாகம் மொத்த வருமானத்தில் கொடுக்க வேண்டுமா, செலவு போக மிச்சத்திலா? தராவிட்டால் சாபம் வருமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, தை பிறந்து நெல் பணம் கைக்கு வர ஆரம்பித்தால் இந்த ‘மொத்தமா, மிச்சமா’ கேள்வியும் தபாலில் வர ஆரம்பித்துவிடும். எத்தனையோ வருஷமாகப் படிக்கிறேன். அதனால் உங்கள் 16,000மும் 5,000மும் என்னை நிறுத்தவில்லை. ‘என் மனைவியும்தான்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன்.

கொஞ்சம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிப் போங்கள். நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து உங்கள் மனைவி கைதட்டுகிறாள். நம் வீட்டுக்காரர் இவ்வளவு கொடுத்திருக்கிறாரே என்று அவளுக்குப் பெருமையாக இருந்திருக்கும். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். 40,000 ரூபாய் மாட்டில் ஒரு கால் காணிக்கைப் பையில் போய்விட்டது, அதற்கு அவளே கைதட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். உட்கார்ந்த பிறகாவது, வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியிலாவது, வாய் திறந்தீர்களா? இல்லை. எனக்கு எழுதினீர்கள். முன்பின் தெரியாத எனக்கு எழுதத் துணிந்தவருக்கு அடுப்படியில் நிற்பவளிடம் சொல்ல முடியவில்லை.

வசனம் சொல்லித்தானே உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள், நானும் ஒரு வசனம் சொல்கிறேன். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரம். அனனியா காணியை விற்று, கிரயத்தில் ஒரு பங்கை மறைத்து வைத்துவிட்டு மீதியை அப்போஸ்தலர் காலடியில் கொண்டுவந்து வைத்தான். பேதுரு கேட்டார், விழுந்து செத்தான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆனால் இரண்டாம் வசனத்தில் மூன்று வார்த்தை இருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்: ‘தன் மனைவி அறிய’. பொய்யன் என்று பெயர் வாங்கிச் செத்தவன்கூட சப்பீராளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தான் தம்பி!

அதே இடத்தில் பேதுரு இன்னொன்றும் கேட்கிறார். விற்கும் முன்னே அது உன்னுடையதாக இருக்கவில்லையா, விற்ற பின்பும் பணம் உன் வசத்தில் இருக்கவில்லையா என்று. கொடுத்தே தீர வேண்டும் என்று பேதுருகூடச் சொல்லவில்லை. உன் பொருள், உன் இஷ்டம் என்கிறார். நீங்கள் கொடுத்த 12,000 எந்த நாளில் உங்களுடையதாக இருந்தது? உங்கள் மனைவியுடையது என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது. அது கடன். பவுல் கொரிந்தியருக்குக் காணிக்கை பற்றி எழுதும்போது ‘தன்தன் வரவுக்குத் தக்கதாக’ என்கிறார். வீட்டு நோட்டில் வரவும் கடனும் ஒரே பக்கத்திலா எழுதுவீர்கள்?

குழுக் கடன் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெருவில் நாலைந்து பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன். தவணை நாளில் ஒருத்தி கை விரித்தால் மற்றவர்கள் சேர்ந்துதான் போட வேண்டும். போடும் வரை கூட்டம் கலையாது. வசூலுக்கு வந்தவர் திண்ணையை விட்டு இறங்கமாட்டார். இந்த நாலைந்து பேரில் எத்தனை பேர் உங்கள் சபை? எதிர் வீட்டு அக்கா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவராக இருப்பார். அடுத்த வீட்டுப் பாத்திமா நோன்பு வைப்பவராக இருக்கலாம். அவர்கள் எல்லோருடைய ஜாமீனிலும் கை வைத்து நீங்கள் சபையில் சாட்சியாகி இருக்கிறீர்கள்.

குறுவை அறுத்ததும் வைத்துவிடுவீர்களாம். மேட்டூரைக் கேட்டீர்களா? 2024இல் வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 வந்தது, போனது. அணையில் தண்ணீர் இல்லை, திறக்கும்போது ஜூலை 28. அந்த வருஷம் போர்வெல் இல்லாதவர்கள் குறுவை என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, தண்ணீர் ஒழுங்காகவே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குறுவை நெல்லைப் பார்க்க புரட்டாசி ஆகிவிடும். அதுவரை மாசாமாசம் தவணை யார் கட்டுவது? மாடே வாங்காமல் எந்தப் பாலை விற்றுக் கட்டுவது?

கடிதத்தில் உளுந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாபநாசம் பக்கத்தில் சம்பா அறுப்புக்கு முன்னால் வயல் ஈரத்தில் உளுந்து தெளிக்காதவர் குறைவு. நீங்களும் தெளித்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பங்குனியில் வெயிலில் குனிந்து செடி பிடுங்கிக் களத்தில் காயப்போட்டு அடிப்பது யார்? ஆம்பிளைகள் ஓரமாக நின்று மூட்டையைத் தூக்கி வண்டியில் வைப்பீர்கள், எனக்குத் தெரியும். அந்த உளுந்து விற்ற பணம் வந்த அன்றே அவளுக்குச் சேர வேண்டிய முழுத் தொகையும் போய்ச் சேர வேண்டும். பூச்சி அடித்து உளுந்து போய்விட்டது என்றால் கூலிக்குப் போங்கள். பாஸ்டரிடம் திருப்பிக் கேட்கட்டுமா என்று கேட்டுவிடாதீர்கள். வாங்கியவர் அது யார் பணம் என்று தெரியாமல் வாங்கினார், தப்பு உங்களுடையது. ஆனால் 12,000 வீடு வந்து சேரும் வரை காணிக்கைக் கவரில் உங்கள் பெயரை எழுதக் கூடாது. பாஸ்டர் கேட்டால், வீட்டில் ஒரு கடன் இருக்கிறது ஐயா, தீர்ந்ததும் போடுகிறேன் என்று சொல்லுங்கள். அதற்குக் கோபப்படுகிற பாஸ்டராக இருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இப்போது உங்கள் கேள்வி. நான் ஆயர் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. கோயிலுக்குப் பங்கு கொடுக்கிற வீட்டில் பிறந்து, இன்றைக்கும் கொடுக்கிறவள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

பழைய ஏற்பாட்டில் தசமபாகம் விளைச்சலிலும் ஆடுமாட்டிலும் எடுத்தது. லேவியருக்கு மற்ற கோத்திரத்தாரைப் போல நிலப்பங்கு கிடையாது, ஆலய வேலைதான் அவர்கள் பிழைப்பு. அதனால் நிலம் வாங்கிய மற்ற கோத்திரத்தார் அவர்களுக்கு அளந்தார்கள். நம்மூரில் களத்து மேட்டிலேயே நாவிதர், வண்ணார், தச்சருக்கெல்லாம் ‘சுதந்திரம்’ என்ற உரிமைப் பங்காக நெல் அளந்த பிறகு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி. நெகேமியா காலத்தில் அந்தப் பங்கு வராமல் போகவே லேவியர் ஆலயத்தை விட்டுத் தங்கள் வயலுக்கு ஓடிப்போனார்கள். அதையும் படித்துவிட்டு மல்கியாவைப் படித்தால், என் ஆலயத்தில் ஆகாரம் இருக்கும்படி பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்பதன் அர்த்தம் புரியும். ஊழியக்காரர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. என் தாத்தா பொறையாறு பக்கம் உபதேசியாராக இருந்தவர். சம்பளம் வராத மாசங்களில் பாட்டி கீரை விற்றதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1706இல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து வெகுகாலம் இந்தப் பக்கத்துச் சபைகளுக்கு டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பணம் வந்தது. கப்பல் காசிலேயே வளர்ந்துவிட்டு நம் கை மட்டும் நீள மாட்டேன் என்கிறது என்று தாத்தா கோபப்படுவாராம். அதனால் சந்தாவும் அறுப்புப் பண்டிகைக் காணிக்கையும் ‘கொடுத்தால் போதும்’ என்று நீங்கள் எழுதியதும் எனக்குப் பிடிக்கவில்லை. பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 500 ரூபாய்க்குக் கூவி எடுத்து பெருமைப்பட்டுவிட்டு, வருஷம் முழுக்கக் கோயில் கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நமக்குப் பழக்கம்தானே.

ஆனால் இயேசுவோ பவுலோ விசுவாசிகளுக்குப் பத்து சதவீதம் என்று கட்டளை போடவில்லை. ஒற்தலாம் என்கிற புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் கணக்காகத் தசமபாகம் கட்டிவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று பரிசேயரைத்தான் இயேசு பிடித்துக்கொண்டார். அதைச் செய்வதையும் விடாதே என்று சேர்த்தே சொன்னார், அதையும் நான் மறைக்கவில்லை. பவுல் விசனமாகவும் வேண்டாம், கட்டாயமாகவும் வேண்டாம், மனதில் நியமித்தபடி கொடு என்கிறார். உபாகமம் 14ஐ உங்கள் பாஸ்டர் எப்போதாவது பிரசங்கித்தாரா? தசமபாகத்தைப் பணமாக்கிக்கொண்டு போய், மனசுக்குப் பிடித்ததை வாங்கி, கர்த்தருடைய சந்நிதியில் நீயும் உன் குடும்பத்தாரும் சாப்பிட்டுச் சந்தோஷப்படுங்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. மூன்றாம் வருஷத்துப் பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் கட்டும் தசமபாகம் அந்த அதிகாரத்தில் எங்கேயும் வரவில்லை.

மொத்தமா மிச்சமா? குத்தகை நெல் நிலக்காரருடையது, டீசல் காசு பங்க் காரருடையது, நடவுக் கூலி நட்டவர்களுடையது. அதையெல்லாம் உங்கள் வருமானம் என்று சொல்லி அதில் பங்கு போட நீங்கள் யார்? மிச்சத்தில் கொடுங்கள். 5,000 கொடுக்கலாம், வீட்டில் கல்யாணம் காட்சி இருந்தால் 2,000 கொடுக்கலாம், விளைச்சல் கொட்டிய வருஷம் 10,000 கொடுக்கலாம். எவ்வளவு என்று அவளும் நீங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். பால் காசும் உளுந்துக் காசும் அவள் உழைப்பு. ஒருவேளை உங்களை விட அவள் அதிகமாகச் சொல்லலாம், பெண்கள் அப்படித்தான். என் அம்மா உலையில் அரிசி போடும் முன்னால் தன் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டு வைப்பார். மாசக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். அந்தப் பிடியரிசிக்காக அவரை யாரும் எழுந்து நிற்கச் சொன்னதில்லை. அன்று ராத்திரி அம்மா சாப்பிட்டது ஒரு பிடி குறைவு என்பது எங்களுக்கே பின்னால்தான் தெரிந்தது.

சாபம் வருமா என்று கேட்டீர்கள். தரகர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும்போது, கணக்கில் 28,000தான் இருக்கிறது என்று வங்கியில் அவளிடம் சொல்வார்களே, அப்போது அவள் வாயிலிருந்து வருவதைச் சாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மல்கியா பொறுப்பில்லை.

இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் சொல்லுங்கள். வசனத்தோடு ஆரம்பிக்காதீர்கள். மச்சானையும் பாஸ்டரையும் இழுக்காதீர்கள், அவர்கள் உங்கள் பையில் கை விட்டு எடுக்கவில்லை. ‘உன் கார்டில் 12,000 எடுத்தேன், உன்னிடம் கேட்கவில்லை’ என்று அவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு, அவள் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை வரும். வரட்டும், வர வேண்டிய சண்டைதான். அவள் சம்மதித்தால் அடுத்த ஞாயிறு ஆராதனையில் மறுபடி எழுந்து, அது என் மனைவியின் பணம் என்று சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் அதையும் செய்யாதீர்கள். ஊர் முன்னால் அவள் இன்னொரு தடவை உங்கள் சாட்சிக்குச் சாமானாக வேண்டாம்.

அப்புறம் அந்த ஏடிஎம் கார்டு. பணம் எடுத்தால் வரும் எஸ்எம்எஸ்ஸும் உங்கள் போனுக்குத்தான் வருகிறது போலிருக்கிறது, இல்லாவிட்டால் இத்தனை நாள் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. கார்டை இன்றே அவள் கையில் கொடுங்கள். நாளைக் காலையில் வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய் எஸ்எம்எஸ் அவள் நம்பருக்கே வரும்படி மாற்றிக் கொடுங்கள். குழுக் கூட்டம் எந்தக் கிழமை என்று நீங்கள் எழுதவில்லை. எந்தக் கிழமையானாலும் அதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும்.