பேயோனில் ஏறுவதா, ஃப்ளோரிடா போய் ஏறுவதா? ஆறு பேருக்கான குளிர்காலக் கப்பல் கணக்கு

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். நான், கணவர், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாமனார், மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், மார்ச்சில் திரும்புகிறார்கள். அதற்குள் எல்லோருமாக ஏழு இரவுக் கப்பல் பயணம் ஒன்று போய்வர ஆசை. டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போகலாம். எல்லாம் சேர்த்து 6,000 டாலருக்குள் முடிய வேண்டும். பக்கத்தில் இருக்கும் பேயோன் துறைமுகத்தைவிட ஃப்ளோரிடாவில் ஏறினால் ஆளுக்கு 200 டாலர் குறைவாகக் காட்டுகிறது. எங்கே ஏறுவது?

பதில்: அந்த 200 டாலரை முதலில் பார்த்துவிடுவோம். ஆறு பேருக்கு 1,200. பெரிய மிச்சம் மாதிரிதான் தெரியும். ஆனால் அது கப்பல் கட்டணம் மட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது எடிசன் வீட்டு வாசலில் இருந்து கேபின் கதவு வரை ஆகும் செலவு.

ஜனவரி நடுவில், அதிர்ஷ்டம் இருந்தால், நெவார்க்கில் இருந்து ஃப்ளோரிடா போய்வர ஆளுக்கு 150 டாலருக்கு விமான டிக்கெட் கிடைக்கும் என்று வையுங்கள். ஆறு பேருக்கு 900. மலிவு டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக் காசு. மூன்று பெட்டி போக, வர சுமார் 240. முந்தின நாள் இரவு ஓட்டலில் இரண்டு அறை, சுமார் 300. விமான நிலையத்தில் இருந்து துறைமுகத்துக்கும் திரும்பவும் பெரிய வண்டிக்கு 100. கூட்டினால் 1,540. உங்கள் 1,200 மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு மேலே 340 டாலர் கேட்கிறது. மலிவான டிக்கெட்டுக்கே இப்படி. கிறிஸ்துமஸ் வாரத்தில் அதே இருக்கை 400 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அப்போது இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம்.

பேயோன் உங்கள் வீட்டில் இருந்து சுமார் 25 மைல். நண்பர் ஒருவர் மினிவேனில் இறக்கிவிட்டால் செலவு அவருக்கு ஒரு பிரியாணியோடு போயிற்று. வண்டியை அங்கேயே நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்கு இருநூறு டாலருக்கு மேல் வரும், அவ்வளவுதான். ஆட்கள் கூடக்கூட விமானம் வலிக்கும், கார் வலிக்காது. நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

சரி, தேதிக்கு வருவோம். டிசம்பர் கடைசியை மறந்துவிடுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் ஆறு பேர் 6,000 டாலருக்குள் ஏழு இரவு போவது எந்தத் துறைமுகத்தில் ஏறினாலும் நடக்காது. பிப்ரவரியில் ஜனாதிபதிகள் தின வாரமும் அதே கதைதான். நவம்பர் கடைசியில் நன்றி தெரிவித்தல் நாள் முடிந்து டிசம்பர் நடு வரை ஒன்று, புத்தாண்டுக் கூட்டம் வடிந்த பிறகு ஜனவரியில் ஒன்று என்று இரண்டு இடங்களில்தான் விலை இறங்கும். பெரியவளோ பெரியவனோ, அந்த ஒன்பது வயதுக்கு நாலைந்து நாள் பள்ளி போகும். ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாள் திங்களன்று வருவதால் அதை ஒட்டிக் கிளம்பினால் ஒரு நாள் மிச்சம். ஆனால் அந்த விடுமுறை எல்லோருக்கும் தெரியும், கப்பல் நிறுவனங்களுக்கும் தெரியும். அதற்கு முந்தைய வாரத்தையும் சேர்த்து விலை பாருங்கள்.

விலையில் கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸைச் சேர்த்தீர்களா? பெரும்பாலான கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை, நாலு வயதுக் குழந்தைக்கும் சேர்த்து. ஆறு பேருக்கு ஏழு நாள் என்றால் 670 முதல் 840 டாலர். பட்ஜெட்டில் பலர் கோட்டைவிடும் இடம் இது. இதைக் கழித்துவிட்டு, கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, கட்டணமும் துறைமுக வரியும் சேர்ந்து 5,000 டாலருக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் இல்லாத உள்கேபின் என்றால் ஜனவரியில் நிற்க வாய்ப்பு உண்டு.

இனி பேயோனின் குறை. குளிர்தான். கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போனாலும் பஹாமாஸ் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு நாள். திரும்பவும் இரண்டு நாள். ஏழு இரவில் வெயிலில் காலை நீட்டி உட்காரக் கிடைப்பது மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவில் ஏறினால் முதல் மாலையே பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இருப்பார்கள். ஆளுக்குக் கூடுதலாக ஐம்பது, அறுபது டாலர் கொடுத்து மூன்று வெயில் நாள் வாங்குகிறோம் என்று நினைத்தால் ஃப்ளோரிடா ஒன்றும் மோசமான பேரம் இல்லை. பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பெட்டியும் குழந்தையின் கார் இருக்கையுமாக விமான நிலையத்தில் நிற்பதையும் அந்தப் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அலை. வட கரோலினாவின் கேப் ஹாட்டரஸ் முனையைத் தாண்டும்போது குளிர்காலக் கடல் சும்மா இருக்காது. பல நூற்றாண்டுகளாகக் கப்பல்கள் மூழ்கி, அட்லாண்டிக்கின் இடுகாடு என்று பேர் வாங்கிய இடம். 2016 பிப்ரவரியில் பேயோனில் இருந்து கிளம்பிய ஆந்தம் ஆஃப் த சீஸ் என்ற கப்பல் அந்தப் பக்கம் புயலில் மாட்டி, பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பியது. அது அபூர்வம். ஆனால் ஒரு நாள் தலைசுற்றல் அபூர்வம் இல்லை. கேபினைக் கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. மாமனார், மாமியார் ரத்த அழுத்தத்துக்கோ வேறு எதற்கோ மாத்திரை எடுப்பவர்கள் என்றால், தலைசுற்றல் மாத்திரையை அதோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

வடக்கே ஏறுகிறவர்கள் கப்பலின் பேரைவிட அதன் கூரையைப் பார்க்க வேண்டும். மூடக்கூடிய கூரையோடு நீச்சல் குளம் இருக்கிறதா, உள்ளேயே பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கிறதா? இது இருந்தால் குளிர் நாட்கள் வீணாகாது. நான்கு வயதுக்குப் பிள்ளைகள் கிளப்பில் இடம் உண்டு, ஆனால் டயபர் பழக்கம் விட்டிருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். பேயோனுக்கு ஒரு கொடுப்பினையும் இருக்கிறது. கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் சுதந்திர தேவி சிலை பின்னால் நகரும். அடுத்து வெரசானோ பாலத்தின் கீழே கப்பல் நுழையும்போது புகைபோக்கி பாலத்தில் இடித்துவிடும் என்றே தோன்றும். மேல்தளத்தில் மஃப்ளர் சுற்றிய தாத்தாக்கள் எல்லாம் தலையைக் குனிவதைப் பார்த்திருக்கிறேன்.

புரூக்ளினில் ரெட் ஹுக் முனையத்தில் ஏறும் எம்எஸ்சி நிறுவனக் கப்பல்களையும் ஒரு பார்வை பாருங்கள். பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை அங்கே அடிக்கடி வரும். சாலைச் சுங்கம், போக்குவரத்து நெரிசலைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பால்டிமோர் மூன்று மணி நேரக் கார் பயணம். செசபீக் விரிகுடா வழியாகவே முதல் இரவு முழுக்கப் போவதால் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கும். பாலத்தின் உயரம் தடுப்பதால் அங்கே சிறிய கப்பல்கள்தான் வரும். சிறிய கப்பலில் உள்விளையாட்டுக்கு இடம் குறைவு. உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இவ்வளவுக்கும் மேல் ஃப்ளோரிடாதான் என்றால், துறைமுகத்தை விமான நிலையத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் இருந்து போர்ட் எவர்கிளேட்ஸ் இரண்டு மைல் சுமார். விமானத்தில் இருந்து இறங்கும்போதே கப்பல்கள் தெரியும். மயாமி துறைமுகம் மயாமி விமான நிலையத்தில் இருந்து எட்டு மைல் அளவில். ஆர்லாண்டோவுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அங்கிருந்து போர்ட் கனாவரல் 45 மைலுக்கு மேல். ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஷட்டிலில் ஆறு பேர் ஏறினால் கையைக் கடிக்கும். ஏழு பேர் அமரும் வாடகை மினிவேனை ஒருவழிக்கு எடுத்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் விட்டுவிடுவது பெரும்பாலும் மலிவு. டாம்பாவையும் விட்டுவிடாதீர்கள். ஸ்கைவே பாலம் அங்கே பெரிய கப்பல்களை உள்ளே விடாது. அதனால் வரும் பழைய, நடுத்தரக் கப்பல்களில் விலை சில சமயம் நன்றாக இறங்கும்.

ஃப்ளோரிடாவில் எந்தத் துறைமுகமானாலும் முந்தின நாளே போய்விடுங்கள். ஒரு ஜனவரியில் ஓட்டல் காசை மிச்சம் பிடிக்க நாங்கள் அன்று காலை விமானத்தையே பிடித்தோம். நெவார்க்கில் பனி. இறக்கையில் பனி கரைக்கும் திரவம் அடிக்க வரிசையில் நின்றதில் இரண்டரை மணி நேரம் போயிற்று. துறைமுகத்தில் டாக்சியை விட்டு இறங்கியபோது கப்பலின் பின்பக்கம் தெரிந்தது. என் மகன் நீச்சல் வளையத்தை விமானத்திலேயே ஊதி இடுப்பில் மாட்டியிருந்தான். அதைக் கழற்றச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் துறைமுகத்தையே மாற்றக்கூடிய ஒன்று: விசா. கப்பல் அமெரிக்காவில் கிளம்பி அமெரிக்காவுக்கே வந்தாலும் நடுவில் வெளிநாட்டைத் தொட்டுவிடும். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றிவர 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விடுவதில்லை. ஆகவே திரும்பி வரும்போது நீங்கள் நாட்டுக்குள் நுழைகிறீர்கள். உங்கள் இருவருக்கும் எச்-1பி வேலை விசா, அதை ஒட்டிய எச்-4 குடும்ப விசா என்றால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் செல்லுபடியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஸ்டாம்ப் காலாவதியாகி ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று சொல்லும் நுழைவுப் பதிவு) மட்டும் இருப்பவர்கள் கனடா, மெக்ஸிகோவுக்கு 30 நாளுக்குள் போய்வரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. பக்கத்துத் தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்குத்தான். பஹாமாஸ் தீவுக் கணக்கில் வரும். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும் சரி, ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும் சரி, வழக்கறிஞரைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

மாமனார், மாமியார் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று பாருங்கள். வெளியே போய் வந்தால் ஐ-94இல் புதிதாக ஆறு மாதம் விழும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம், மார்ச் டிக்கெட் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு தீவிலும் என்ன விதி என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள் என்றால் இந்த மாதிரிப் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழே போதும். ஆனாலும் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். பஹாமாஸ் தலைநகர் நாசோவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் விமானத்தில் திரும்ப நேர்ந்தால் அது வேண்டும்.

கேபின் இரண்டு எடுங்கள். ஒரு கேபினில் முதல் இருவருக்குத்தான் முழுக் கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறையும். நால்வர் கேபின்கள் கொஞ்சமே உண்டு, சீக்கிரம் தீரும். கிடைக்காவிட்டால் மூவர், மூவராகப் பிரியுங்கள், பெரியவனோ பெரியவளோ தாத்தா பாட்டியோடு மேல்கட்டிலில் படுத்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பேயோனில் இருந்து போகும் ராயல் கரீபியன் கப்பல்களில் இரவு உணவறைப் பரிமாறுபவரிடம் முந்தின நாளே சொன்னால் இந்திய சைவச் சாப்பாடு தனியாகச் செய்து தருவார்கள். கடையில் வாங்கிய முறுக்கு, மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுபோகலாம். மாமியாரின் பெட்டியில் குட்டி ரைஸ் குக்கரோ மின்சாரக் கெட்டிலோ இருந்தால் அதை மட்டும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஏறும் இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள், அதற்கும் ஒரு வரிசையில் நிற்க வேண்டும்.