பவளப் பாம்பு கடித்தால் என்ன ஆகும்? நம் ஊரில் அதற்கு மருந்து இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புக்குள் குடியிருக்கிறாராம். பூந்தொட்டியை நகர்த்தியபோது அடியில் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு பாம்பு. பழுப்பு உடம்பு, கறுத்த தலை, வயிறு பவளச் சிவப்பு. பெயரைத் தேடிப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும், மருந்துக்குத் தட்டுப்பாடு என்று அமெரிக்கச் செய்திகளாக வந்து விழுந்திருக்கின்றன. வீட்டில் இரண்டு குழந்தைகள். பயம் வரத்தான் செய்யும்.

நான் மருத்துவர் இல்லை. கோபி, சத்தி சுற்றுவட்டாரத்தில் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மஞ்சள் காடும் கரும்புக் காடும் சூழ்ந்த ஊர்கள் என்பதால் பாம்புக்கடிக்குப் பஞ்சமே இருக்காது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கக் கதையை முடித்துவிடலாம். புளோரிடா, டெக்சாஸ் பக்கம் இருக்கும் பவளப் பாம்பு வேறு இனம். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வளையம் வளையமாக இருக்கும். நாகப்பாம்பு, கட்டுவிரியன் எல்லாம் சேர்ந்த குடும்பத்தில்தான் அதுவும் வருகிறது. கண்ணாடி விரியன் கடித்தால் அந்த இடம் வீங்கிக் கறுத்து, ஆள் வலியில் துடிப்பார். இதில் அப்படி ஒன்றும் நடக்காது. பல் தடத்தையே தேடித்தான் பார்க்க வேண்டும். பல மணி நேரம், சில சமயம் 12 மணி நேரத்துக்கு மேலும்கூட, கடிபட்டவர் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருப்பார். அப்புறம் இமை தொங்கும். எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரியும். நாக்குக் குழறும், எச்சில் விழுங்க வராது, கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகளும் ஓய்ந்துவிடும். நரம்பு அனுப்பும் சேதியைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தில் விஷம் போய் உட்கார்ந்துகொள்வதால் வருவது இது. அதனால்தான் அங்கே பவளப் பாம்பு கடித்தவரை, ஒன்றும் இல்லை என்று அவரே சத்தியம் செய்தாலும், 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அங்கே இதற்கென்று குதிரையின் ரத்தத்திலிருந்து தயாரித்த விஷமுறிவு மருந்து ஒன்று உண்டு. 2003இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கடிகள் குறைவு, விற்பனையும் குறைவு, கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை. மீதி இருந்த குப்பிகளின் காலாவதித் தேதியை அரசே நீட்டி நீட்டிக் கொடுத்தது. தட்டுப்பாடு என்று நீங்கள் படித்தது அதைப் பற்றியது.

சரி, நம் ஊர்ப் பவளப் பாம்புக்கு வருவோம். உங்கள் படத்தில் கறுத்த தலையில் மஞ்சள் புள்ளியும் வாலில் இரண்டு கறுப்பு வளையமும் தெரிகின்றன. பெரும்பாலும் ஒரு அடியைத் தாண்டாது. மண்ணுக்குள், கல்லுக்கு அடியில், ஈரச் சருகில் கிடந்து புழுப்பாம்பைத் தின்று பிழைக்கும். சீண்டினால் கடிக்க வருவதைவிட வாலைச் சுருட்டித் தூக்கிக் காட்டத்தான் பார்க்கும். நீலகிரிப் பக்கம் இதைவிட நீளமான உறவுக்காரப் பாம்பு ஒன்றும் உண்டு. இந்த வகைக்கெல்லாம் விஷம் இருக்கிறது. ஆனால் உங்கள் தொட்டியடியில் இருந்ததன் வாய் மிகச் சின்னது. குழந்தைகள் கையில் எடுத்து விளையாடக் கூடாது, அவ்வளவுதான். அதற்காகத் தோப்பை விற்க வேண்டியதில்லை.

இதற்கு மருந்து உண்டா என்றால், இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத்தான் தயாராகிறது. பவளப் பாம்பு அதில் இல்லை. மருந்து இல்லை என்றால் வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகை விஷம் ஆளைக் கொல்வது மூச்சை நிறுத்தித்தான். விஷத்தின் பிடி விடும்வரை செயற்கைச் சுவாசத்தில் வைத்திருந்தால் ஆள் எழுந்து வந்துவிடுவார். கூடவே நியோஸ்டிக்மின் என்ற ஊசியை அட்ரோபினோடு சேர்த்துப் போட்டுப் பார்ப்பார்கள். நாகப்பாம்புக் கடியில் தொங்கிய இமை அந்த ஊசிக்கு மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பிரேசிலில் பவளப் பாம்புக் கடிக்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கட்டுவிரியன் கடிக்கு மட்டும் அவ்வளவாகக் கேட்காது. அதன் விஷம் நரம்பு முனையையே கெடுத்துவிடுகிறது, முனை மறுபடி வளர்ந்துதான் சரியாக வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். பவளப் பாம்பைப் பற்றி நீங்கள் படித்துப் பயந்த அத்தனை அறிகுறியையும் நம் தோட்டத்தில் நிஜமாகவே கொண்டுவருவது கட்டுவிரியன்தான். கருநீலப் பளபளப்பு, மெல்லிய வெள்ளைப் பட்டைகள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக, தலைப்பக்கம் போகப் போக மங்கியிருக்கும். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதற்குக் கழுத்துப் பக்கமே பட்டை அழுத்தமாகத் தெரியும். ராத்திரி இருட்டில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

கட்டுவிரியன் பகலில் மந்தமாகக் கிடக்கும், இரவில்தான் நடமாட்டம். சாளையில் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. பல் ஊசிமுனை அளவு. கொசு கடித்தது என்று சொறிந்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடிகாலை நாலு, ஐந்து மணிக்கு வயிற்றைப் பிசைந்துகொண்டு வருவார்கள், கூடவே வாந்தியும் இருக்கும். ராத்திரி பரோட்டா சாப்பிட்டானுங்க, சேரலைங்க என்பார்கள் கூட வந்தவர்கள். அதைக் கேட்டு வயிற்று வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டால் ஆள் வீடு போய்ச் சேர்வதற்குள் காரியம் கைமீறிவிடும்.

அதனால் கரும்பு வெட்ட வந்தவர்களோ, பட்டிக்குக் காவல் படுத்தவர்களோ விடிகாலை வயிற்று வலி என்று வந்தால் நாங்கள் முதலில் கண்ணைத்தான் பார்ப்போம். தலையைத் தூக்காமல் உத்தரத்தைப் பார்க்கச் சொல்லுவோம். இமை மேலே போகாமல் பாதியில் நின்றால் சந்தேகம் பாதி தீர்ந்தது. "தூக்கக் கலக்கமுங்க சிஸ்டர், ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தாப்ல" என்று சமாதானம் சொல்வார்கள். விடக் கூடாது. தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்ல வேண்டும், கழுத்துத் தசைதான் சீக்கிரம் கைவிடும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் முன்னால் இருபதுக்கு மேல் போனவர் இப்போது பத்திலேயே மூச்சு வாங்கினால் செயற்கைச் சுவாசக் கருவியைத் தயார் செய்துவிடுவோம். வாய் ஓரம் எச்சில் வழிந்தால் இன்னும் அவசரம்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று ஆளைக் கொல்கிறது. பாம்பு கடித்தால் வேப்பிலை, மிளகு கொடுத்துக் கசக்கிறதா, காரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பச்சிலைச் சாறு ஊற்றுவார்கள். விழுங்க முடியாதவர் தொண்டையில் சாறு ஊற்றினால் அது நேரே மூச்சுக்குழாயில் இறங்கும். மந்திரிப்பது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வாசலில் நின்று மந்திரியுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். வாயில் மட்டும் எதையும் கொடுக்காதீர்கள்.

கடித்த இடத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் வீண். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது அதைவிட மோசம். கால் செத்துப்போகும், கட்டை அவிழ்த்ததும் தேங்கியிருந்த விஷம் ஒரேயடியாக ஏறி, பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிடலாம். கட்டோடு வந்தால் சுவாசக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மெதுவாக அவிழ்ப்போம். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்கு வைப்பதுபோல் ஒரு குச்சி வைத்து அசையாமல் துணி சுற்றினால் போதும். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். நடக்க விடாதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள். தோட்டத்துத் தடத்தில் வண்டி வர நேரமாகும் என்றால் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் 108இல் ஏற்றிவிடலாம். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். உயிரோடு பாட்டிலில் போட்டு மேசைமேல் வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். டாக்டர் எழுந்து ஓடியதுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் நரம்பு விஷத்தின் அறிகுறி தெரிந்ததும் விஷமுறிவு மருந்தைத் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை சலைனில் கலந்து ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான். குழந்தை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்துப் போடாது. மருந்து பொடியாக வரும். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் நுரை கட்டிவிடும், உள்ளங்கையில் வைத்து உருட்டித்தான் கரைக்க வேண்டும். வாசலில் சொந்தபந்தம் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, பத்துக் குப்பியை உருட்டிக்கொண்டு நிற்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. குதிரைச் சீரம் என்பதால் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, ரத்த அழுத்தம் இறங்கும். அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்போம். இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்.

இன்னொன்று. கட்டுவிரியன் விஷம் முழுதாக ஏறியவர் கண் திறக்க மாட்டார், கை அசையாது, டார்ச் அடித்தால் கண்மணிகூடச் சுருங்காமல் விரிந்தே நிற்கலாம். பார்ப்பவர்கள் மூளைச்சாவு என்றே நினைத்துவிடுவார்கள். ஆனால் அவருக்குக் காது கேட்கும். அப்படிச் சுவாசக் கருவியில் கிடந்து எழுந்த ஒரு பெரியவர், "எம்பட மச்சான் இழவுக்குப் பந்தல்காரனுக்குச் சொல்லியுடலாமான்னு கேட்டதும் எனக்குக் கேட்டுச்சுங்க சிஸ்டர்" என்றார். மச்சான் அதற்கப்புறம் அந்தக் கட்டில் பக்கமே வரவில்லை. எனவே சுவாசக் கருவியில் இருப்பவரைப் பார்த்து, இனி ஒன்றும் இல்லை, எடுத்துக்கொண்டு போகிறோம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிவராதீர்கள். சில நாள், சிலருக்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம், மீண்டு வருவார்கள்.

வீட்டைச் சுற்றிப் பினாயில் ஊற்றுவது, பூண்டு கரைத்துத் தெளிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். காசுக்குக் கேடு. மட்டையும் பன்னாடையும் சுவரை ஒட்டிக் குவிந்திருந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். சோளத்தட்டுப் போரை வீட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுக்கட்டும். நேபாளத்துச் சமவெளிக் கிராமங்களில் செய்த ஆய்வில் கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைந்திருந்தது. கட்டுத்தரைக்கு இரவில் போகும்போது டார்ச்சும் செருப்பும் வேண்டும்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்திருக்கிறது. தனியார் மருத்துவமனையும் கணக்குக் காட்ட வேண்டும். எந்தப் பக்கம் கடி அதிகம், எங்கே மருந்து வேண்டும் என்பது இனியாவது தெரியவரும். அதுவரை நீங்களே ஒரு வேலை செய்துவையுங்கள். உங்கள் தோப்பிலிருந்து பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஒரு பகல் நேரத்தில் போய், இரவில் டாக்டர் இருப்பாரா, விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா, செயற்கைச் சுவாசக் கருவி இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். கருவி இல்லை என்றால் அங்கே முதல் மருந்தை ஏற்றிக்கொண்டு அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்பதையும் கேட்டு, வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்துவிடுங்கள்.