வேனுக்கு டீசல் யார் போடுவது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கோவையில் ஒரு மில் குடும்பத்தின் அறக்கட்டளையில் 22 வருஷம் உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களைப் படித்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி: 14 சிறப்புக் குழந்தைகளுக்குப் பகல் பராமரிப்பு மையம் நடத்துகிறோம். கோவையில் மூன்று அறக்கட்டளைகளுக்கு எழுதினேன். ஒன்று பதிலே போடவில்லை. மற்ற இரண்டும், ‘கட்டடம் என்றால் பார்க்கலாம், சம்பளம், வண்டிச் செலவுக்குக் கொடுப்பதில்லை’ என்றன. கட்டடம் எங்களிடம் இருக்கிறது. வேனை ஓட்டத்தான் காசில்லை.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மிணி, அதே பதிலை நானே நூறு பேருக்காவது டைப் அடித்து அனுப்பியிருப்பேன். முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள். கட்டடம் என்றால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் தாத்தா பெயர் வரும். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிற ஊர் நம் ஊர். டீசலில் எங்கே பெயர் எழுதுவது?

2009-ல் ஒரு தையல் பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கொடுத்தோம். ஃபைலைப் பார்த்துச் சிபாரிசு செய்தவன் நான். இரண்டு வருஷம் கழித்துச் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். 12 மிஷின், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. ஒரு மிஷினுக்கு அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சொல்லிக்கொடுக்க டீச்சர் இல்லை, டீச்சருக்குச் சம்பளம் இல்லை. அந்தச் சம்பளத்தைப் பட்ஜெட்டிலிருந்து அடித்ததும் நான்தான், சிவப்பு மையில்.

சரி, இனி எப்படி எழுதுவது? ‘போக்குவரத்துச் செலவு’ என்று தலைப்புப் போடாதீர்கள். டிரைவர் 15,000, டீசல் 12,000, ரிப்பேர், இன்சூரன்ஸ் 3,000 என்றால் மாதம் 30,000. ஒரு பிள்ளை மையத்துக்கு வந்துபோக மாதம் ஏறக்குறைய 2,140 ரூபாய் என்று எழுதுங்கள். அப்புறம் வருகைப் பதிவேட்டை எடுங்கள். வேன் ஒர்க்‌ஷாப்பில் நின்ற வாரத்தில் 14 பேரில் எத்தனை பேர் வந்தார்கள்? அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து முதல் தாளாக வையுங்கள். பளபள போட்டோ ஆல்பத்தைப் புரட்டாத முதலாளிகூட ஆப்சென்ட் விழுந்த பதிவேட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் கேட்காதீர்கள். ஊரில் யார் யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதை, மாதம் 100 ரூபாய் தரும் மளிகைக் கடைக்காரர் உட்பட, மொய் நோட்டுப் போல எழுதி இணையுங்கள். கார்ப்பஸ் நிதி, அதாவது முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் மூலதனம், வைக்கப் பணம் வேண்டும் என்றும் எழுத வேண்டாம். ஓர் அறக்கட்டளை இன்னொன்றின் கார்ப்பஸுக்குக் கொடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் தர்மச் செலவாகவே ஏறாது. சாதாரண நன்கொடையிலும் 85 சதவீதத்தைத்தான் ஏற்றுகிறார்கள். ஆடிட்டர் முகம் சுளிப்பது உங்கள்மேல் உள்ள கோபத்தில் இல்லை.

ஒருவேளை நேரில் பேசக் கூப்பிட்டால் பழைய கதை ஒன்றை ஞாபகப்படுத்துங்கள். 1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் சொத்தைப் பிரித்தபோது, சகோதரர்கள் நால்வருக்கு நாலு பாகம், தர்மத்துக்கு ஐந்தாவது பாகம் என்று ஒதுக்கினார்கள். அப்படிப் பார்த்தால் தர்மமும் ஒரு பங்காளிதான். பங்காளி என்றால் புதுமனைப் புகுவிழாவுக்கு மட்டும் வந்து போகிறவன் இல்லையே, வருஷா வருஷம் விளைச்சலில் பங்கு கேட்பானே. இதை நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லலாம், கோவித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன்பு டிரஸ்ட் பதிவு செய்து, நொய்யல் கரையில் மரம் வைக்கிறோம். பனியன் கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும்) நிதி கேட்டால் ஏதேதோ நம்பர் கேட்கிறார்கள்.
– வாசகர், திருப்பூர்

பதில்: அவர்கள் கேட்பது 12ஏ (டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவும், சி.எஸ்.ஆர். பணம் வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்.-1 எண்ணும். அவற்றை வாங்கினாலும், வெளி டிரஸ்ட் வழியாகச் செலவழிக்கும் கம்பெனி, அந்த டிரஸ்ட்டுக்கு இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவமாவது இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம்தானே ஆகிறது.

அதோடு, யாரிடம் கேட்கிறோம் என்பதையும் பாருங்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் கடந்த மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கும் கட்டாயம். பார்ட்னர்ஷிப்பாக நடக்கும் பனியன் கம்பெனிக்கு இந்தச் சட்டமே கிடையாது. அங்கே முதலாளி மனசுதான் சட்டம். அதனால் இப்போதைக்கு அந்தக் கதவைத் தட்டுங்கள். தட்டும்போது எத்தனை கன்று நட்டீர்கள் என்பதைவிட, போன சித்திரை வெயிலைத் தாண்டி எத்தனை நிற்கிறது, தண்ணீர் ஊற்றுவது யார் என்பதைச் சொல்லுங்கள். நட்டுவிட்டுப் போட்டோ எடுத்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

கேள்வி: தேங்காய் வியாபாரி ஒருவர் நாங்கள் நடத்தும் இல்லத்துக்கு 10,000 ரூபாய் ரொக்கமாகத் தந்து, வரிவிலக்கு ரசீது கேட்கிறார். தரலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ரசீது தரலாம், தர வேண்டும். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு 80ஜி விலக்கு கிடைக்காது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, செக்கோ ஜி-பேயோ போடச் சொல்லுங்கள். ஐந்து ரசீதாகப் பிரித்துத் தரலாமா என்று அவர் கேட்பார். தராதீர்கள்.