ஓடையில் கால் நனைக்கலாமா?

கேள்வி: ஜூலையில் மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வினுக்கு வருகிறார்கள். லிட்ச்ஃபீல்டு, ககாடு என்ற தேசியப் பூங்காக்கள் இரண்டையும் காட்டி, ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கலாம் என்று திட்டம். அம்மாவுக்குப் பாம்பென்றால் பயம். என்ன முன்னேற்பாடு வேண்டும்?

பதில்: எனக்கு அம்மாவைவிட அப்பாவைப் பற்றித்தான் கவலை. தண்ணீரைக் கண்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறவராக இருந்தால், விமான நிலையத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அங்கே தண்ணீரில் முதலை உண்டு. உவர்நீர் முதலை என்ற பெயரை நம்ப வேண்டாம். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, நன்னீர் ஓடைகளிலும் குட்டைகளிலும் அது இருக்கும். 1971இல் வேட்டைக்குத் தடை வந்தபின் அங்கே நன்றாகவே பெருகிவிட்டது. கலங்கல் நீர் முழங்கால் அளவு இருந்தாலே போதும், பெரிய முதலைகூடக் கண்ணில் படாமல் கிடக்கும். நேற்று சாயங்காலம் பாத்திரம் கழுவிய இடத்துக்கே இன்று காலையும் போகாதீர்கள். உங்கள் வழக்கத்தை அது கவனித்து வைத்திருக்கும். கரையிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கூடாரம் ஐம்பது மீட்டருக்கு அப்பால். மீன் கழிவு, மிச்சச் சோறு எதையும் கரையில் கொட்டக் கூடாது.

குளிக்கவே கூடாதா? குளிக்கலாம். லிட்ச்ஃபீல்டில் பியூலி ராக்ஹோல் (Buley Rockhole), ஃப்ளாரன்ஸ் அருவி போன்ற இடங்களில், அன்றைக்குத் திறந்திருக்கிறது என்று பலகை சொன்னால் மட்டும். முதலை பார்க்கும் ஆசைக்கு ககாடுவில் யெல்லோ வாட்டர் படகுச் சவாரி இருக்கிறது.

சரி, பாம்பு. மூடிய காலணி, ராத்திரியில் டார்ச். பையில் அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் இரண்டு மூன்று. கடித்துவிட்டால் நம் ஊர்ப் பழக்கத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள்; கீறவோ கழுவவோ வேண்டாம். கடிபட்ட இடத்தின்மேல் பேண்டேஜை அழுத்திச் சுற்றி, பிறகு விரலிலிருந்து தொடங்கி கை அல்லது கால் முழுக்கச் சுற்றுங்கள். ஒரு குச்சியை வைத்துக் கட்டி அசையாமல் படுக்கவையுங்கள், ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள். அழைக்க வேண்டிய எண் 000. ஆனால் பல இடங்களில் செல்போன் சிக்னலே கிடைக்காது. சாட்டிலைட் போனோ அவசர பீக்கனோ (சாட்டிலைட் வழியே உதவி கேட்கும் கருவி) வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். அந்தி நேரத்தில் வாலபிகள், அதாவது சின்னக் கங்காரு மாதிரியான விலங்குகள், திடீரென்று சாலைக்குள் பாயும். எருமையும் வரும், நம் வீட்டு எருமை மாதிரி சாதுவல்ல அது. இறங்கிப் போட்டோ எடுக்க வேண்டாம்.