அப்பத்தாவோட கோவத்தையும் சேத்தே எழுதுங்க

கேள்வி: அக்கா, எங்க அப்பத்தா தவறி பத்து மாசம் ஆச்சு, 84 வயசு. திருமங்கலம் பக்கத்துல கிராமம். தாத்தா சீக்கிரமே போயிட்டதால நாலு புள்ளைகளத் தனியாவே வளத்து ஆளாக்குச்சு, யாரு பசின்னு வந்தாலும் சோறு போடும். அதுக்கு எழுதத் தெரியாது, மொய் நோட்ட சின்ன வயசுலருந்து நான்தான் எழுதிக் குடுப்பேன். ஆனா அப்பா லவ் மேரேஜ் பண்ணதால எங்கம்மாவ ரெண்டு வருஷம் வாசப்படி ஏற விடல. நான் பொறந்தப்பதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவாளில கருவாட்டுக் கொழம்போட வந்துச்சாம். வருஷத் திதிக்கு நினைவு மலர் போடுறோம், நல்லத மட்டும் எழுதுங்கிறாங்க சித்தப்பா. இது போதாதுன்னு, நிலத்துல பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்குற விடுதலைப் பத்திரத்துல அத்தைகிட்ட கையெழுத்தும் கேக்குறாங்க. எழுத உக்காந்தா அழுகையும் கோவமும்தான் வருது. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர்ல அந்தத் தூக்குவாளிய ஒரே வரில சொல்லிட்டுப் போயிட்டீங்க, எனக்கு அதத் தாண்டி வரவே முடியல. ரெண்டு வருஷம் மொகம் குடுக்காத பொம்பள, பச்ச ஒடம்புக்காரிக்குப் பால் ஊறணும்னு பூண்ட உரிச்சுப் போட்டு கருவாட்டுக் கொழம்பு வச்சு, பஸ் ஏறி தூக்கிட்டு வந்துருக்கு. அன்னைக்கு மன்னிப்பு ஏதும் கேட்டுச்சா, இல்ல "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு"ன்னு மட்டும் சொல்லுச்சா? அம்மாவ உக்கார வச்சு கேளுங்க. அந்த ரெண்டு வருஷத்தப் பத்தி முதல்ல பேச வேண்டியது உங்கம்மாதான், சித்தப்பா இல்ல. அம்மா எழுதலாம்னு சொன்னா எழுதுங்க, வேணாம்னா அது அவங்க மனசுலயே இருக்கட்டும்.

நல்லத மட்டும் எழுதுனா அது எந்த வீட்டு அப்பத்தாவுக்கும் பொருந்தும். சம்சாரி வீட்டுல ஒத்தப் பொம்பளையா நின்னு நாலு புள்ளைய ஆளாக்குனவங்களுக்குப் பிடிவாதம் இல்லாம முடியுமா, சொல்லுங்க. அந்தப் பிடிவாதம்தான் ஊருக்குச் சோறும் போட்டுச்சு, உங்கம்மாவ வெளியவும் நிறுத்துச்சு. அது தப்புதான், தப்புன்னே எழுதலாம். அதனால அப்பத்தா மேல பாசம் ஒண்ணும் கொறஞ்சிடாது.

எங்க அம்மாச்சி போனப்போ நான் ஒண்ணுமே எழுதி வைக்கல. வெத்தலைய மென்னுக்கிட்டே வையுமே, அந்தக் கொரலு இப்ப எனக்கு ஞாபகத்துக்கே வர மாட்டேங்குது, அது எனக்கு இன்னைக்கும் வலிக்குது. அதனால சொல்றேன், சொந்தக்காரங்க போன்ல அப்பத்தா பேசுன வாய்ஸ் நோட்டு, கல்யாண வீடியோன்னு எது இருந்தாலும் இந்த வாரமே வாங்கி வச்சுருங்க. மொய் நோட்ட ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுங்க. யாரு வீட்டுக் காதுகுத்து, யாரு வீட்டுச் சடங்கு, எவ்வளவு செஞ்சாங்க, யாருக்குத் திருப்பிச் செய்யணும்னு அப்பத்தா வாழ்ந்த வாழ்க்கையே அதுலதான் இருக்கு, அதுவும் உங்க கையெழுத்துல. புதுசா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தவிக்காதீங்க, சின்னப்புள்ளையிலருந்தே நீங்க அத எழுதிக்கிட்டுதான் இருந்துருக்கீங்க.

ஃபிளெக்ஸ் ஏதும் அடிக்கிற யோசனை இருந்தா அந்தக் காசுக்கு அரிசி வாங்கச் சொல்லுங்க. படம் போட்டாத்தான் பேரு நிக்கும்னு இல்ல. பேரன் சின்னப்புள்ளைங்கிறதால 1689லருந்து மதுர ஆட்சிய நடத்துன பாட்டிதான் ராணி மங்கம்மா. மதுர ஜங்ஷன் எதிர்ல அவங்க சத்திரம் இன்னும் நிக்குது, அவங்க மூஞ்சிய நம்ம யாரு பாத்தோம்? திதியன்னைக்கு வாசல்ல எல போட்டு, வர்றவங்க யாருன்னு கேக்காம சாப்பாடு போடுங்க.

அப்புறம் அத்தை விஷயம், இதுல எனக்குக் கோவமே வருது. நிலம் அப்பத்தா பேர்ல இருந்து, உயிலும் எழுதலன்னா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா அத்தை பங்கு கைய விட்டுப் போயிரும். திதி அழுகையில எங்கயும் போட வேணாம்னு சொல்லுங்க, ஒரு வக்கீலப் பாத்துட்டு அப்புறமா முடிவு பண்ணட்டும். சித்தப்பா கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், நீங்களும் அந்த அப்பத்தா பேத்திதானே.

அம்மா அந்தத் தூக்குவாளிய இன்னும் வச்சுருக்காங்களான்னு பாருங்க. இருந்தா மலரோட அட்டையில அதோட படத்தப் போடுங்க.