பிராட்வுர்ஸ்ட்: பெயரில் இருப்பது அடுப்பா, கறியா?

கேள்வி: பிராட்வுர்ஸ்ட் என்ற ஜெர்மன் உணவின் பெயருக்கு ‘வறுத்த சாசேஜ்’ என்று எல்லா இடத்திலும் பொருள் போட்டிருக்கிறார்களே, சரிதானா?

பதில்: ‘வுர்ஸ்ட்’ சாசேஜ்தான், அதில் சிக்கல் இல்லை. வம்பு ‘பிராட்’டில் இருக்கிறது. இன்றைய ஜெர்மனில் ‘பிராட்டன்’ என்றால் வறுப்பது, வாட்டுவது. சாசேஜையும் கரி அடுப்பில்தான் வாட்டுகிறார்கள். அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? ஜெர்மன்காரர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பழைய ஜெர்மனில் ‘பிராட்’ என்பது எலும்பில்லாத மென்மையான சதை. இன்றும் அங்கே கறிக்கடைக்காரர், குடலுக்குள் அடைக்க நைசாக அரைத்த கறி விழுதை ‘பிரேட்’ என்பார். அதாவது, பெயர் சொல்வது உள்ளே இருப்பதை. அடுப்பு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கேள்வி: அவ்வளவு பழைய சொல்லா?

பதில்: ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், ஆர்ன்ஸ்டாட் கன்னியர் மடத்தின் 1404ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு வரி இருக்கிறது: பிராட்வுர்ஸ்ட்டுக்குக் குடல் வாங்கியது, ஒரு குரோஷென் (அந்தக் காலத்து நாணயம்). ருசி எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. கணக்கு எழுதுகிறவர் எந்த ஊரிலும் அப்படித்தான்!

கேள்வி: ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் மட்டும் பிராட்வுர்ஸ்ட் ஏன் விரல் அளவில் இருக்கிறது?

பதில்: ஊரடங்கிய பிறகு சாவித் துவாரம் வழியாக விற்றார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதன் நீளம் 7 முதல் 9 செ.மீ., எடை 20 முதல் 25 கிராம். மார்ஜோரம் என்ற வாசனை இலை சேர்ப்பார்கள். ரொட்டியைப் பிளந்து மூன்றை அடுக்கி, கடுகு விழுது தடவித் தருவார்கள்.

கேள்வி: வீனர், பிராங்க்பர்ட்டர் என்று இரண்டு சாசேஜ் பெயர்கள் உண்டே, இரண்டும் ஒன்றா?

பதில்: பிராங்க்பர்ட்டில் தொழில் கற்ற லானர் என்பவர் வியன்னாவில் கடை போட்டு, 1805இல் ஒரு சாசேஜ் செய்தார். வியன்னாவில் அது பிராங்க்பர்ட்டர். ஜெர்மனியில் வீனர், அதாவது வியன்னாக்காரன். இரண்டு ஊரும் அடுத்த ஊரைக் கை காட்டுகின்றன.

கேள்வி: மசாலாப் பொடி போட்ட கரிவுர்ஸ்ட் (Currywurst) என்ற சாசேஜின் பெயரில் இருக்கும் ‘கரி’ நம்முடையதா?

பதில்: நம்முடையதுதான். ‘கறி’ என்ற நம் சொல் ஐரோப்பாவுக்குப் போய் மசாலாப் பொடிக்குப் பெயரானது. 1949இல் பெர்லினில் ஹெர்டா ஹாய்வர், தக்காளி விழுதில் அந்தப் பொடியைக் கலந்து சாசேஜ் மேல் ஊற்றினார்.

கேள்வி: அப்படியானால் பிராட்வுர்ஸ்ட்டைத் தமிழில் ‘கறி சாசேஜ்’ எனலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் பெர்லின் கடையில் அப்படிக் கேட்டால் தட்டில் வருவது வேறு.