இரண்டும் பாயின்ட் 32, ஆனால் தோட்டா வேறு

கேள்வி: என் மாமனார் உரிமம் பெற்று, கான்பூரில் செய்த பாயின்ட் 32 ரிவால்வர் வைத்திருக்கிறார். அவர் நண்பரிடம் இருப்பதும் பாயின்ட் 32, ஆனால் பிஸ்டல். நண்பரின் தோட்டா ஒன்றை ரிவால்வரில் போட்டுப் பார்த்தார்கள், சுலபமாக உள்ளே போய்விட்டதாம். அதை வைத்துச் சுடலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: வேண்டாம். இன்னும் உள்ளே இருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

தோட்டா உள்ளே போய்விட்டதே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போகாமல் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. 32 என்பது குண்டின் (தோட்டாவின் முனையில் இருந்து பறந்து போகும் பகுதி) விட்டத்தை அங்குலக் கணக்கில் உத்தேசமாகச் சொல்கிற ஒரு பெயர், அவ்வளவுதான் (அளந்தால் 0.312 அங்குலம்தான் வரும்). வெடிமருந்து இருக்கும் தோட்டாவின் உறை எவ்வளவு நீளம், வெடிக்கும்போது எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. உங்கள் மாமனாரின் ரிவால்வருக்கு உரியது பாயின்ட் 32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், உறை மட்டும் சுமார் 23 மி.மீ. பிஸ்டலுக்கு உரியது பாயின்ட் 32 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்), அதன் உறை 17 மி.மீ. சொச்சம். சின்னதாக இருக்கிறதே, அழுத்தமும் குறைவாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அமெரிக்கத் தர அளவின்படி நீளமான ரிவால்வர் தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, குட்டையான பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். அந்த அடியைத் தாங்குவதற்கென்று செய்யாத ரிவால்வரில், அதுவும் பழையதாக இருந்தால், தோட்டா போடும் உருளையே விரிசல் விடலாம். அதைப் பிடித்திருப்பது அவர் கை. நாலு முறை சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் உண்டு, ஐந்தாவது முறைக்கு அது உத்தரவாதம் கிடையாது.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ரிவால்வர் தோட்டாவின் அடியில் விளிம்பு சின்னத் தட்டு மாதிரி நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உருளையின் பின்பக்கத்தில் அது கச்சிதமாக உட்காரும். பிஸ்டல் தோட்டாவில் அடிப்பக்கம் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும், விளிம்பு லேசாகத்தான் துருத்தும், ரிவால்வருக்குள் போனால் அந்தக் கொஞ்சூண்டு விளிம்பின் பிடிப்பில்தான் நிற்கும். ரிவால்வர் தோட்டாவைப் பிஸ்டலில் போட்டுவிடுவார்களோ என்ற கவலை வேண்டாம், அதன் நீளத்துக்கு, பிஸ்டலில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்குள்ளேயே போகாது.

துப்பாக்கியில் பொறித்திருப்பதையும் தோட்டாவின் அடியில் இருக்கும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் காட்டிக் கேட்கலாம்.

கேள்வி: அப்படியென்றால் எந்தத் தோட்டாவையும் மாற்றிப் போடவே முடியாதா? (வாசகர், மதுரை)

பதில்: ஒருவழிப் பாதையாக ஒன்று உண்டு. பாயின்ட் 357 மேக்னம் ரிவால்வரில் பாயின்ட் 38 ஸ்பெஷல் தோட்டா போடலாம். பெயரில் 38 என்று இருந்தாலும் குண்டின் விட்டம் இரண்டிலும் ஒன்றேதான். திருப்பிப் போடக் கூடாது, மேக்னத்தின் அழுத்தம் 35,000, ஸ்பெஷலுக்கு 17,000. 1930-களில் மேக்னத்தைக் கொண்டுவந்தபோதே, யாராவது தெரியாமல் பழைய ரிவால்வரில் போட்டுவிடக் கூடாது என்று உறையை 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலாக நீட்டிவிட்டார்கள். 38 ஸ்பெஷல் ரிவால்வரில் அதைச் செருகினால் முழுதாக உள்ளே போகாது, உருளையை மூடவும் முடியாது.